"எங்களுக்கு என்ன தெரியும்" என்று சொல்லும் பெற்றோருக்கு

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும் வேலை பார்க்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் எழுதுவது.

"நாங்க படிக்காதவங்க சார். எங்களுக்கு என்ன தெரியும்? நீங்கதான் பாத்துக்கணும்." பள்ளிக்கூடத்துக்கு வரும்போதெல்லாம் உங்களில் பலர் இதைச் சொல்லிவிட்டு, கைகூப்பி, அவசரமாகத் திரும்பிப் போவீர்கள். நான் வேலையில் இருந்த காலம் முழுக்க இதைக் கேட்டிருக்கிறேன். அப்போது சொல்ல நேரம் வாய்க்காத பதிலை இப்போது எழுதுகிறேன். உங்களுக்கு நிறையத் தெரியும். அது பிள்ளையின் காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

பெற்றோருக்குப் புத்தி சொல்கிற பேச்சுகள் ஏராளம் வருகின்றன. தினமும் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள், வீட்டுப்பாடத்தைச் சரிபாருங்கள் என்று எழுதுகிறவர்களுக்கு உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று தெரியாது. மண் கரைக்கிறவர், மோல்டில் ஊற்றுகிறவர், பினிஷிங் பார்க்கிறவர், கிளேஸில் முக்கி எடுக்கிறவர், சூளை அடுக்குகிறவர் என்று யாரானாலும் எண்ணிக்கைக்குக் கூலி என்றால் உட்கார்ந்து பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு குறையும். கொலு பொம்மைக்கு வேலை நெருக்கும் நாட்களில் காலாண்டுத் தேர்வு வந்து நிற்கும். கார்த்திகை அகல் விளக்குக்கு இரவும் பகலும் ஓடி முடிக்கையில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். பிள்ளைக்கு நீங்கள் அதிகம் தேவைப்படும் மாதங்களில்தான் பட்டறைக்கும் நீங்கள் அதிகம் தேவைப்படுகிறீர்கள். இது உங்கள் குற்றம் இல்லை. நேரம் இல்லை என்று நீங்கள் சொன்னால் அது சாக்கு அல்ல, உண்மை.

அதனால் முதலில் மனசைத் தேற்றும் ஒரு செய்தி. அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி மெலிசா மில்க்கி என்ற சமூகவியல் பேராசிரியரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 3 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளோடு தாய் எத்தனை மணி நேரம் செலவிடுகிறாள் என்ற கணக்குக்கும், அந்தப் பிள்ளைகளின் படிப்பு, நடத்தை, மனநிலை ஆகியவற்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு எதையும் அவர்கள் காணவில்லை. குடும்பத்தின் வருமானமும் தாயின் படிப்பும்தான் பெரிதாகத் தெரிந்தன. பிள்ளைகள் வளர்ந்து பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிறகு மட்டும், தாயும் தகப்பனும் சேர்ந்து அவர்களோடு ஈடுபட்டுக் கழித்த நேரத்துக்குப் பலன் இருந்தது. வேலைக்குப் போகிறோமே, பிள்ளை கெட்டுப்போகுமோ என்று குமைகிற தாய்மார்கள் இதைக் கேட்டு அந்தப் பாரத்தை இறக்கி வைக்கலாம்.

ஆனால் வருமானமும் தாயின் படிப்பும்தான் எல்லாம் என்றால் நமக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அதை ஒரு வளரும் நாடு காட்டிக் கொடுத்தது.

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன். அங்கே ஏழைத் தெருக்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் வளர்ச்சி குன்றிப்போயிருந்த 129 குழந்தைகளை 1986, 87-ம் ஆண்டுகளில் சாலி கிரந்தம் மெக்ரிகர் என்ற மருத்துவர் தேர்ந்தெடுத்தார். எல்லாம் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு உள்ளூர் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் போனார். இப்படி இரண்டு ஆண்டுகள் நடந்தது. அவர் குழந்தைக்குப் பாடம் நடத்தவில்லை. தாயோடு உட்கார்ந்து, வீட்டில் கிடக்கும் பொருள்களில் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்துக்கொண்டு, குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது, அது கை காட்டும் பொருளுக்கு எப்படிப் பெயர் சொல்வது என்று காட்டிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

இருபது ஆண்டு கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப் பிடித்தார்கள். பால் கெர்ட்லர், ஜேம்ஸ் ஹெக்மன் முதலிய பொருளாதார அறிஞர்கள் அந்த முடிவை 2014-ல் வெளியிட்டார்கள். வீட்டுக்கு ஆள் வந்து போன குழந்தைகள், வராத குழந்தைகளைவிட 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் வளர்ச்சி குன்றாமல் இருந்த பிள்ளைகளின் வருமானத்தை அவர்கள் எட்டிப் பிடித்திருந்தார்கள். அந்தத் தாய்மாருக்குக் கூடுதலாகப் பணம் கிடைக்கவில்லை. குழந்தையோடு பேசும் விதமும் விளையாடும் விதமும்தான் மாறின.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு நம் தொழிற்பேட்டைப் பிள்ளைகளின் ஞாபகம்தான். ஏனென்றால் உங்களிடம் பேசுவதற்கான சரக்கு ஏராளமாக இருக்கிறது. ஒரு எம்.எஸ்சி. பட்டதாரி வீட்டில்கூட இல்லாத சரக்கு.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டியபோது மேலே கிடந்த வெள்ளைக் களிமண்ணும் சேர்ந்து வெளியே வந்தது. அந்த மண்ணை நம்பித்தான் பக்கத்திலிருக்கும் நம் ஊரில் இந்தத் தொழில் வளர்ந்தது. அந்த மண்ணை நீங்கள் கரைக்கிறீர்கள். கூழ் போன்ற அந்தக் கரைசலைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டில் ஊற்றுகிறீர்கள். சற்று நேரத்தில் மோல்டின் உள்சுவரை ஒட்டி மண் கெட்டிப்படுகிறது. மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றிவிடுகிறீர்கள். உள்ளே கூடாக ஒரு பொம்மை நிற்கிறது. ஏன் கெட்டியானது? அந்த மோல்டு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண் துளைகள். அவை மண்ணிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சுகின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது இதே இயல்பால்தான். மரத்தின் வேரிலிருந்து தண்ணீர் மேலே போவதிலும் இதற்குப் பங்கு உண்டு. பிள்ளையின் அறிவியல் புத்தகத்தில் இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நாலைந்து முறை ஊற்றிய பிறகு மோல்டு ஊறிப்போய் உறிஞ்சாது, வெயிலில் காயப் போட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். புத்தகம் மட்டும் படித்த பையனுக்கு அது தெரியாது.

கணக்கைப் பாருங்கள். மண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். அதனால் மோல்டைப் பெரிதாகச் செய்கிறோம். பத்தில் ஒரு பங்கு சுருங்கும் மண் என்று வைத்துக்கொள்வோம். வெந்து வரும் விளக்கு 9 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்றால் மோல்டு எத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும்? ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் பெரும்பாலோர் 9-ல் பத்து சதவீதத்தைக் கூட்டி 9.9 என்பார்கள். தப்பு. 9.9-ல் பத்தில் ஒரு பங்கு போனால் மிஞ்சுவது 8.91தான். சரியான விடை 10. சதவீதக் கணக்கில் எதன்மீது சதவீதம் போடுகிறோம் என்பதில்தான் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். மோல்டு செய்கிற அப்பா இதை ஒரு விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே நிமிடத்தில் காட்டிவிட முடியும். கரும்பலகையில் நாங்கள் ஒரு வாரம் மல்லாடுவோம்.

சூளை இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். வீட்டில் அடுப்பிலேற்றும் அலுமினியப் பாத்திரம் 660 டிகிரியில் உருகி ஓடிவிடும். செம்பு 1,085 டிகிரியில் உருகும். நீங்கள் செய்யும் பீங்கான் ப்யூஸ் கேரியர் வேகும் சூளை 1,200 டிகிரியைத் தாண்டும். செம்பே உருகும் சூட்டில் மண் எப்படி உருவம் கலையாமல் நிற்கிறது? அதே சூட்டில் கிளேஸ் மட்டும் ஏன் உருகிக் கண்ணாடியாகப் படிகிறது? அந்தப் ப்யூஸ் கேரியரில் கம்பி எரிந்து போகிறது, பீங்கானுக்கு ஒன்றும் ஆவதில்லையே, ஏன்? எம்சிபி என்ற தானாக அணையும் சுவிட்ச் வந்த பிறகு ப்யூஸ் கேரியரின் தேவை ஏன் குறைந்தது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. "தெரியலடா, நாளைக்கு உங்க டீச்சர்கிட்ட கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றால் போதும். அந்தப் பிள்ளை வகுப்பில் எழுந்து நின்று கேள்வி கேட்கும். கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை படிப்பில் சோடை போய் நான் பார்த்ததில்லை. விடையை உங்களுக்கு விளக்கிச் சொல்லும்போது அதற்கே பாடம் இன்னொரு முறை புரியும்.

பிள்ளைகளைக் களிமண்ணுக்கு ஒப்பிட்டு, எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று மேடைகளில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. மண் திருப்பிக் கேட்காது. பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேலையைப் பற்றிப் பேசுங்கள் என்கிறேன், வேலைக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லவில்லை. கார்த்திகை நெருக்கத்தில் கூட ரெண்டு கை இருந்தால் ஆகும் என்று பள்ளி விட்டு வந்த பிள்ளையைப் பினிஷிங்கில் உட்கார வைப்பது வேண்டவே வேண்டாம். பட்டறைக்குள் பறக்கும் தூளில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் திரும்ப வராது. பெரியவர்களே மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டிய இடம் அது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைப் பட்டறையில் வேலை வாங்குவது சட்டப்படியும் குற்றம்.

இன்னொரு தயக்கமும் உங்களிடம் பார்த்திருக்கிறேன். நம் பேச்சு கொச்சை, பிள்ளையிடம் அதைப் பேசினால் பாடம் கெட்டுவிடும் என்று நினைத்துச் சிலர் வாயைக் கட்டிக்கொள்கிறீர்கள். விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையில் பிறந்து அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன், நம் பக்கத்துச் சனங்கள் வயலிலும் வாசலிலும் பேசும் சொற்களைப் பொறுக்கி எடுத்து 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஒரு அகராதியே தொகுத்திருக்கிறார். நீங்கள் கொச்சை என்று கூசுகிற பேச்சில் ஒரு புத்தகம் நிறையச் சொல் இருக்கிறது. ஒரு குழந்தை பள்ளியில் எழுத்துக்கூட்டி ஒரு சொல்லைப் படிக்கும்போது, அந்தச் சொல் ஏற்கெனவே காதில் விழுந்ததாக இருந்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். எனவே பேசுங்கள். சோறு பிசையும்போது, தலை வாரும்போது, சைக்கிளில் பின்னால் உட்கார்த்திக் கூட்டிப் போகும்போது பேசுங்கள். அதற்குத் தனி நேரம் வேண்டாம்.

அப்பாக்களிடம் தனியாக ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்து வேலை என்றாலே அது அம்மாவின் பாடு என்று விட்டுவிடுகிறீர்கள். கையெழுத்துப் போடக்கூட அம்மாதான் ஓடி வருகிறார், அவருக்கும் அன்றைய கூலி போகிறது. பையன் எட்டாவது ஒன்பதாவது வந்ததும் தெருவில் நிற்க ஆரம்பிக்கும்போதுதான் "ஏண்டா" என்று குரல் வருகிறது. அதற்கு முன்னால் உங்கள் குரலை அவன் கோபத்தில் மட்டுமே கேட்டிருந்தால் அந்த "ஏண்டா"வுக்கு அவன் என்ன பதில் சொல்வான்? நான் மேலே சொன்ன ஆய்விலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இருவரும் சேர்ந்திருந்த நேரம்தான் உதவியது. ராத்திரிச் சோறு ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, குடிக்காமல், சாப்பிடுங்கள். இந்தக் கடைசி விஷயத்தை மறைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் அப்பா எந்த நிலையில் வருவாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எந்த எழுத்தும் மண்டையில் ஏறாது.

டியூஷன் பற்றிக் கேட்பீர்கள். கடன் வாங்கி மூன்றாம் வகுப்புக்கு டியூஷன் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பணத்தில் வாரம் ஒரு கதைப் புத்தகம் வாங்கலாம். ஊர் நூலகத்தில் அதுகூடச் செலவில்லை. உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கதை புரியாத இடத்தில் நிறுத்தி "அப்புறம் அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று கேளுங்கள். வாசிப்பில் பிள்ளை தேறுவதற்கு அதைவிட நல்ல டியூஷன் கிடையாது.

பெற்றோர் நினைத்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பள்ளியின் பொறுப்பைத் தூக்கி உங்கள் தலையில் வைப்பது பாவம். பீகாரிலும் ராஜஸ்தானிலும் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தும், பிள்ளையோடு சேர்ந்து செய்யச் சின்னச் சின்னப் பயிற்சிகள் கொடுத்தும் 'பிரதம்' அமைப்பு செய்த முயற்சியை ருக்மிணி பானர்ஜியும் மற்றவர்களும் ஆய்வு செய்து 2017-ல் வெளியிட்டார்கள். பிள்ளைகளின் கணக்கு முன்னேறியது உண்மை, ஆனால் கொஞ்சம்தான். பள்ளி பள்ளியாக நடக்க வேண்டும். அதற்கு மாற்று இல்லை.

கொரோனாவில் அதை நாமே பட்டுத் தெரிந்துகொண்டோம். 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பட்டறையும் மூடிக் கிடந்த நாட்களில் நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள், பிள்ளைகளும் உங்களோடு இருந்தார்கள். ஆனாலும் எழுத்து மறந்துபோனது. வயிற்றுக்கு என்ன செய்வது என்ற கவலையோடு பக்கத்தில் இருப்பது வேறு, மனம் ஒன்றிப் பக்கத்தில் இருப்பது வேறு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்து அபிஜீத் சிங், மௌரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் எழுதிய ஆய்வு ஒரு நல்ல செய்தியையும் சொன்னது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டு வந்துவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகளால் வந்தது. அந்த வகுப்பு எடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் உங்கள் தெருவில் இருக்கும் பெண்கள். ஒரு தெருவில் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா இருந்தால், ஓவர்டைம் பார்த்துவிட்டு எட்டு மணிக்கு வரும் ஒன்பது அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! நெருக்கடி மாதங்களிலாவது உங்கள் தெருவில் இதை நீங்களே முறை வைத்துச் செய்யலாம்.

தேர்வு வரும் காலத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் போய்ப் பிராது கட்டி வருகிறீர்கள். பிள்ளை பாஸாக வேண்டும் என்று சீட்டு எழுதி வேலில் கட்டும் அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். அதில் ஒரு சின்ன ஆசை எனக்கு. அந்தச் சீட்டைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். அதற்கு என்ன பயம், என்ன விருப்பம், எந்தப் பாடம் கழுத்தை நெரிக்கிறது என்று எழுதட்டும். கோவிலுக்குப் போகும் வழியில் அதைப் பற்றிக் கேளுங்கள். ஆண்டவருக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்லும்.

பள்ளியிடமும் உங்கள் பிராதைக் கொண்டு வாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. அதன் 21-வது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது உங்களில் சிலர் உறுப்பினர் ஆனீர்கள். ஆனால் கூட்டம் பெரும்பாலும் வேலை நாளின் பிற்பகலில் நடக்கிறது. வந்தால் அரை நாள் கூலி போகும். அதனால் கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வருகிறது, நீங்கள் பள்ளிக்கு வருவதில்லை. இப்படியே போனால் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, கணக்கு ஆசிரியர் இடம் காலி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் எழுத்துக் கூட்ட வரவில்லை என்பதையெல்லாம் யார் கேட்பது?

இரண்டு காரியம் செய்யுங்கள். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையோ வைக்கும்படி தலைமை ஆசிரியரிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள். தனி ஆளாகப் போனால் பார்க்கலாம் என்பார்கள், பத்துப் பேராகப் போனால் தேதி சொல்வார்கள். அது முடியாவிட்டால் பட்டறை முதலாளியிடம் மாதத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரத்தைக் கூலி பிடிக்காமல் விடும்படி கேளுங்கள். இந்த மடல் முதலாளிகளின் கண்ணிலும் படும் என்று நம்புகிறேன். உங்கள் பட்டறைகளுக்கு நாளைக்கு நல்ல தொழில்நுட்ப ஆள் வேண்டும் அல்லவா? செராமிக் டிப்ளமோ படிக்க நம் ஊரிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. பத்தாம் வகுப்பைத் தேறினால் அதில் சேரலாம். உங்களிடம் மோல்டு ஊற்றுகிறவரின் மகளும் சூளை அடுக்குகிறவரின் மகனும் அங்கே போய்ச் சேர, இந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் கொடுங்கள்.

அம்மாக்களே, அப்பாக்களே, "எங்களுக்கு என்ன தெரியும்" என்பதை இனிமேல் பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். இன்று ராத்திரி சோற்றுக்கு உட்காரும்போது, பகலில் பட்டறையில் என்ன செய்தீர்கள் என்று அதற்குச் சொல்லுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு இருவரில் ஒருவராவது வந்து பெஞ்சில் உட்காருங்கள். பள்ளியில் உங்களுக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன, கேளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்
விருத்தாசலம்